பரிஸ் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

வெஸ்ட்மீட்,
சனிக்கிழமை.

அன்பின் மச்சான் வரதராஜாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். ஸ்பிரிங்வேலில் உமது முழங்காலும் சுகமாக இருக்க ஹெலன்ஸ்பர்க் கோயில் பெருமாளை வேண்டுகிறேன். கீழே வருவது உமக்கு மட்டும். உமது தங்கச்சி நிரஞ்சினிக்குக்கூட மூச்சு விடவேண்டாம்.

மகள் தாரகா உடுப்பு வடிவமைப்புப் படித்தவள் அல்லவா, ஏலத்தில் ஒரு படம் வாங்கினாள். எழுபது வருசத்துக்கு முந்திப் பரிஸில் ஒரு பெரிய உடுப்புக் கம்பனியில் பென்சிலால் கீறினது. பெண்ணுக்குக் கண் மூக்கு ஒன்றுமில்லை, இடுப்பு என்ர மணிக்கட்டளவு, பாவாடையோ குசினிக் கதவால் போகாது. திங்கட்கிழமை நூதனசாலை அம்மா, மியூசியத்துக்குப் படம் தெரிகிறவ, பார்க்க வருகிறா. பிடித்தால் சுவரில் தொங்கும், கீழே பிள்ளையின் பெயரும் வரும். வேலை தேடுகிறவளுக்கு அது பெரிய விசயம்.

நேற்று சரஸ்வதி பூசை. தொழிலுக்கு உதவுகிறதெல்லாம் எங்கள் வீட்டில் பூசைப் படியேறும், தெரியுந்தானே. என்ர ட்ரில் மெசின், நிரஞ்சினியின் ஸ்டெதஸ்கோப், தாரகாவின் கத்தரிக்கோல். படத்தை விட்டால் சரஸ்வதி கோவிப்பா என்று அதையும் வைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இண்டைக்குக் காலமை பார்த்தால் பாவாடைக்குப் பக்கத்தில சிவப்பாய் ஒரு பொட்டு! கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. பிள்ளை வெளியில, மனிசி டியூட்டியில. பாணின்ர நடுப்பஞ்சை உருட்டி உருட்டி ஒண்டரை மணித்தியாலம் ஒத்தினன். பாணும் முடிஞ்சுது, பொட்டும் போச்சு. படம் பளிச்செண்டு கிடக்கு, ஒருத்தருக்கும் தெரியாது. மனம் நிறைஞ்சு ரெண்டு பிளேன்ரீ குடிச்சன்.

கல்யாணி அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கலைவாணி எல்லாரையும் கறைபடாமல் காக்க.

உமது மச்சான்,
மகாதேவன்

பி.கு.: செவ்வாய்க்கிழமை எழுதுகிறன். நிரஞ்சினி பூசைக்கு முன்னமே படத்துக்கு மேல கண்ணாடித்தாள் போட்டவவாம். என்ர பொட்டு அந்தத் தாளோட பூசையிரவே குப்பைக்குப் போயிட்டுதாம். நான் அழிச்சது, உடுப்பைத் தைக்கலாமெண்டு பரிஸ் முதலாளி சிவப்புப் பென்சிலால வைச்ச சம்மதப் புள்ளி! ஞாயிற்றுக்கிழமை தாரகா "புள்ளி எங்க?" எண்டு கேக்க, உள்ளதைச் சொல்லி அழுதிட்டன். பிள்ளை படத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தாள், எனக்கு உயிர் போச்சு. பிறகு, "டாட், வித் பிரெட்?" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். நூதனசாலை அம்மாவும் சிரிச்சுப்போட்டுப் படத்தை எடுத்திட்டா. கீழ மாட்டிற அட்டையைத் தாரகாவே எழுதினாள்: புள்ளியை அழித்தவர் என் அப்பா மகாதேவன், பாணால். அட்டை முழுக்க இங்கிலிஷ். என்ர பேரை மட்டும் தமிழில எழுதியிருக்கிறாள், மச்சான்.