அறுந்த இழையும் நூறு கோடியில் மிஞ்சிய ஒன்றும்

காஞ்சிபுரம்
12-9-1974

மதிப்பிற்குரிய குமாரசாமி மாமாவுக்கு, மைத்துனன் ராஜவேலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான் சுகம். அங்கே நீங்களும் காந்தா அக்காவும் சுகமா என்று கேட்பது முறை. நேற்று மாலைதான் உங்களை ரயிலேற்றி விட்டேன். அதற்குள் சுகம் கெட்டிருக்காது என்பதால் மேலே போகிறேன்.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். கைநழுவிப் போன சம்பந்தத்தை மீட்டுத் தந்தீர்கள். ஆனால் எதிலிருந்து மீட்டீர்கள் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. "பையன் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டான்" என்று மட்டும் அப்பா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது கொஞ்சம் இல்லை.

போன ஞாயிறு, உங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் வேலையில் மாற்று ஆள் கிடைக்காததால், நீங்கள் இல்லாமலே பிள்ளையார்பாளையத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். மங்கையர்க்கரசி காபியை வைத்துவிட்டுக் குனிந்தபடியே திரும்பிப் போகவில்லை. நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. கேசரியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவள் அப்பா கலியாணசுந்தரம், "தம்பி மெட்ராஸ்ல இன்னா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காரு?" என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது என் பழக்கம். ஒவ்வொரு துகளுக்கும் அதே எடையில், மின்னூட்டம் மட்டும் நேர்மாறாக, ஓர் எதிர்த்துகள் உண்டு என்று ஆரம்பித்து, "ரெண்டும் ஜோடி சேர்ந்துச்சுன்னா ரெண்டுமே இல்லாம பூடும்" என்றேன். பெண்ணின் அத்தை பெரியநாயகி தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சுப்பா இது?" என்றார். "பயப்படாதீங்க, கடைசியில வெளிச்சம் மிஞ்சும்" என்று ஆறுதல் சொன்னேன். "தலைமாட்டுல ஏத்துவாங்களே, அந்த வெளிச்சமா?" என்றார் அந்த அம்மாள்.

பேச்சை நல்லதாகத் திருப்பு என்று அம்மா கண்ணைக் காட்டினார். பிரியாத ஜோடி ஒன்றைச் சொல்வோம் என்று, புரோட்டானுக்கும் உள்ளே இருக்கும் குவார்க் என்ற துகளை எடுத்தேன். குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஒரு நூலின் இரண்டு முனைகளைப் போல. விலக விலகப் பிடி தளராது. தனியாக நிற்கும் குவார்க்கை இதுவரை எவனும் பார்த்ததில்லை. எல்லார் முகமும் தெளிந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "ரொம்ப இழுத்தா இன்னா ஆவும்?" என்று கேட்டவர் கலியாணசுந்தரம், நான் இல்லை. பக்கத்துத் தறியில் மகளுக்கென்று அவர் கைப்பட நெய்துகொண்டிருந்த முகூர்த்தப் புடவை இருந்தது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய அதன் பாவில் ஓர் இழையை விரலால் தூக்கி இழுத்துக் காட்டினேன். பட்டு, தாங்கும் என்பது என் கணக்கு. "ஒரு கட்டத்துல அறுந்துடும், ஆனா தனியா நிக்காது, அறுந்த எடத்துல ரெண்டுக்கும் ஒவ்வொரு புது ஜோடி வந்து ஒட்டிக்கும்" என்று நான் சொல்லி முடிக்கவும் இழை அறவும் சரியாக இருந்தது. "ரெண்டு பேருக்குமா?" என்று பெரியநாயகி அத்தை எழுந்தார். "இயற்கை அப்படித்தான்" என்றேன்.

வெற்றிலை மாற்றாமலே கிளம்பினோம். டவுன் பஸ்ஸில் அம்மா, "ஊர்ல இருக்கிற துகளையெல்லாம் பார்த்தியே, பொண்ணப் பார்த்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன், புடிச்சிருக்குது" என்றேன். "அத்த அங்க சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா!" என்றார். அன்றிலிருந்து நேற்றுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

நேற்று நீங்கள் வந்து என் கையைப் பிடித்து அதே வீட்டுக்கு இழுத்துப் போனபோது, அபசகுனம் என்று தறியையே நிறுத்தி வைத்திருந்தார்கள். நீங்கள் அசரவில்லை. வழியில் என்னிடம் கேட்டுக்கொண்டதை வைத்தே ஆரம்பித்தீர்கள். "உலகம் உண்டானப்போ நல்லதும் கெட்டதும் சரிசமமா இருந்து, மோதி அழிஞ்சுபூட்ச்சி, நூறு கோடிக்கு ஒண்ணு மட்டும் நல்லது மிஞ்சிச்சு, அந்த மிச்சத்துலதான் கோபுரம், பாலாறு, உங்க தறி, எங்க ராஜவேலு எல்லாம்" என்றீர்கள். புரோட்டானில் மூன்று குவார்க் என்று நான் சொன்னதைப் புருஷன், பெண்டாட்டி, மாமனார் என்று ஆக்கி, "இந்த மூணு பேர எவனாலயும் பிரிக்க முடியாது" என்று முடித்தீர்கள். கலியாணசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில், "அறுத்த கையே பிணைக்கணும், அதான் தறி வழக்கம்" என்றீர்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக அவர் முகத்தில் தெரியவில்லை. ஆனாலும் நகர்ந்து எனக்குத் தறியில் இடம் விட்டார். பட்டு விரலில் வழுக்காமல் இருக்கத் தறியடியில் வைத்திருக்கும் சாம்பலைத் தொட்டு இழையை முறுக்க உட்கார்ந்தேன். மறுமுனையை மங்கையர்க்கரசி பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, "இழுக்காதீங்க. எனக்குப் புது ஜோடி வாணாம்" என்றாள்.

மாமா, நூறு கோடிக்கு ஒன்று ஏன் மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன் ஒரு சோதனையில் இயற்கை ஒரு பக்கம் சற்றே சாய்வது தெரிந்தது. அது மட்டும் போதவில்லை. காரணம் இல்லாமல் ஒருவன் பக்கம் சாய்வது என்னவென்று நேற்று உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த நன்றியைச் சுருக்கமாக எழுதத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியோடு தை மாதம் எல்லாம் நல்லபடி நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் கடமைப்பட்ட
ராஜவேலு

பின்குறிப்பு: நீங்கள் சொன்னதில் பிழைகள் இருந்தன. எதிர்த்துகள்களால் ஆன எதிர்ப்பொருள் கெட்டது அல்ல. 'எதிர்' என்பது நாம் வைத்த பெயர். புரோட்டானில் மாமனார் கிடையாது. புது ஜோடி விஷயத்தில் நான் சொன்னதே சரி. பெண் கொடுப்பவர் தவறான பௌதிகத்தை நம்பிக் கொடுப்பது நியாயம் இல்லை என்பதால், இதையெல்லாம் விளக்கிக் கலியாணசுந்தரத்துக்கு இன்று காலையே தபாலில் போட்டுவிட்டேன். சந்தேகம் இருந்தால் கேட்க உங்கள் விலாசமும் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்ததும் அவர்கள் மறுபடி தறியை நிறுத்தலாம்; முதல் வண்டிக்கே வந்துவிடுங்கள். இழை மறுபடி அறுந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை; சாம்பல் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்.