ஏரிக்கரை ஓட்டைக்கு இருபத்திரண்டு பங்காளிகள்

ஏரிக்கரையில் ஒரு வாளி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கரைக்கு நேர் கீழே செடிப்பண்ணை வைத்திருந்த பண்ணைக்காரிதான் அதை முதலில் பார்த்தாள். அவளுடைய நாலாயிரம் கன்றுகளும் அந்த ஓட்டைக்கு எதிரே வரிசையாக நின்றன. பத்து மூட்டை மண் போட்டால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். ஆனால் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. நீர்வள அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள்.

அங்கிருந்து ஒருங்கிணைப்பாளர் வந்து இறங்கினார். கையில் மண்வெட்டி இல்லை, கலர் கலராகத் துண்டுக் காகிதங்கள் இருந்தன.

"பத்து மூட்டை மண்ணு போதும் சார். நானே அடைச்சிடுறேன்."

"ஐயையோ! நீங்க அடைச்சா அது வெறும் ரிப்பேர் வேலைம்மா. மக்கள் பங்கேற்போட அடைச்சாத்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி மீட்டெடுப்பு."

"அடைக்கிறது இதே ஓட்டைதானே சார்?"

"ஓட்டை இதேதான். அணுகுமுறை வேற."

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடந்தது. மேடை இருந்தால் சமத்துவம் கெட்டுவிடுமாம்; எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தான் எந்த மாதிரி நீர்த்துளி என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் தன்னை ஆவி என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பண்ணைக்காரி எழுந்து, "ஓட்டை இப்ப ரெண்டு வாளி அளவு ஆயிடுச்சு" என்றாள். அது நீர்த்துளி இல்லை என்று சொல்லி உட்காரவைத்தார்கள்.

பிறகு கரை மீட்புக் கூட்டமைப்பு ஒன்று தொடங்கினார்கள். அதற்குப் பதவிகள். பதவி இருந்தால்தான் மக்களுக்கு உரிமையுணர்வு வருமாம். வந்திருந்த இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேருக்கு உரிமையுணர்வு பொத்துக்கொண்டு வந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவளுடைய கொழுந்தன் கரைக் காவல் துணைத்தலைவர் ஆனான். ஆளுக்கொரு பச்சைத் தொப்பி கிடைத்தது. பொறுப்பாளர்கள் நடுநிலை காக்க வேண்டியவர்கள் என்பதால் உடலுழைப்பில் ஈடுபடக் கூடாது என்று விதி சொன்னது. உறுப்பினர் ஒருவராவது இல்லாவிட்டால் கூட்டமைப்பு செல்லாது என்றும் சொன்னது. அந்த ஒருவர், பண்ணைக்காரி.

"எல்லாரும் பல்லக்குல ஏறிட்டா யாருப்பா தூக்குறது?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"அதுக்குத்தான் அண்ணி உறுப்பினர் இருக்கீங்களே" என்றான், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

ஓட்டை மூன்று வாளி அளவானது. செவ்வாய்க்கிழமை காலை அவள் யாரையும் கேட்கவில்லை. தனியாளாக முப்பது மூட்டை மண் சுமந்து அடைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் ஒருங்கிணைப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! முன் படமே எடுக்கலையே!"

"என்ன படம் சார்?"

"வேலைக்கு முன், வேலைக்குப் பின்னு ரெண்டு படம் வேணும். ஓட்டையே இல்லாம முன் படம் எப்படி எடுக்கிறது? போட்டோகிராபர் வியாழக்கிழமைதான் வர்றார்."

பொறுப்பாளர்கள் அவசரமாகக் கூடி, ஓட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மூட்டைகளை எடுப்பது உடலுழைப்பு. ஆகவே எடுக்க வேண்டியவர் உறுப்பினர்.

"நான் மாட்டேன்" என்றாள்.

"உங்க பண்ணைக்கு ஏரித் தண்ணி அனுமதி இந்த மாசம் புதுப்பிக்கணும்ல?" என்று ஒருங்கிணைப்பாளர் கனிவோடு விசாரித்தார்.

இருபத்திரண்டு பச்சைத் தொப்பிகள் கரைமேல் நின்று வேடிக்கை பார்க்க, அடைத்த மூட்டைகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை விடியும்போது கரை இல்லை, பண்ணையும் இல்லை. நாலாயிரம் கன்றுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். போட்டோகிராபர் மட்டும் சொன்ன நாளில் வந்தார். அறிக்கையில் ஒருங்கிணைப்பாளர் இப்படி எழுதினார்: "ஏரி தானாக முன்வந்து ஒவ்வொரு இல்லத்தையும் அணுகியுள்ளது. பங்கேற்பு நூறு சதவீதம்." மேலிடம் மெச்சி, சிறந்த பங்காண்மைக் கேடயத்தை அனுப்பிவைத்தது.

பண்ணைக்காரி சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்கும் நியாயம் செய்ய வேண்டுமல்லவா? பாதிக்கப்பட்ட பங்காளர் மன்றம் ஒன்றைத் தொடங்கி அவளைத் தலைவியாக்கினார்கள். கொடுத்த தொப்பியைச் சேற்றில் வீசத்தான் கையை ஓங்கினாள். வெயில் கடுமையாக இருந்தது. சும்மா ஒருதரம் வைத்துப் பார்த்தாள். அடுத்த கூட்டத்தில் அவள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பண்ணை வைத்திருந்த காலத்தில் அவளுக்காக எவரும் எழுந்ததில்லை.

மறுவருஷம் புதுக்கரை எழும்பியது. அடுப்புக்குள் சேறு புகுந்த ஆத்திரத்தில் ரொட்டிக்கடைக்காரர் பதவியை விட்டெறிந்திருந்தார். இப்போது அவர்தான் உறுப்பினர். ஒருநாள் காலை அவர் தலைவி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா! கரையில எலி வளை. கைதான் நுழையுது, இப்பவே அடைச்சிடலாம். உங்க மண்வெட்டியைக் கொஞ்சம் கொடுங்க."

அவள் உள்ளே போனாள். மண்வெட்டியோடு வருவாள் என்று அவர் காத்திருந்தார். தொப்பியோடு வந்தாள்.

"முன் படம் எடுத்தாச்சா?" என்றாள்.