அறுபத்திரண்டு முறை செத்தவன் சம்பந்திக்கு எழுதியது

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் அங்கு நலமாக இருக்க வேண்டும். எப்போதும் இதைக் கை தானாக எழுதிவிடும். இந்த முறை "நலம்" என்ற இடத்தில் நின்றுவிட்டது. பத்து நாள் முன்பே நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன். உங்கள் பிள்ளை இல்லையென்றால் கடிதத்துக்குப் பதிலாகச் சாவுச் செய்திதான் வந்திருக்கும்.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். கல்யாணப் பேச்சின்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே, ஏன் தெரியுமா? "எனக்கு சினிமாப் பழக்கம் இல்லீங்க. உங்க படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கே நேரம் சரியா இருக்கு" என்று உங்கள் பிள்ளை சொன்னார். யாரிடம்? மரண மன்னன் என்று பட்டம் வாங்கிய என்னிடம்! அறுபத்திரண்டு படத்தில் செத்திருக்கிறேன், சம்பந்தி. குண்டடி பட்டு, விஷம் குடித்து, மாடிப்படியில் உருண்டு, பெரும்பாலும் இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு, கதாநாயகனின் அப்பாவாக அவன் மடியில் தலை வைத்து, "உன் தங்கச்சிய..." என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல். இவனுக்கா என் பெண் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அதையும் நடிப்பென்றே வீட்டில் விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வந்தவர்களுக்கு நான் ஒரு சாவு செத்துக் காட்ட வேண்டும், என் மனைவி பத்துக்கு மார்க் போடுவாள். முப்பது வருஷத்தில் ஏழு மார்க்கைத் தாண்டியதில்லை, மகராசி. அன்றைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், மச்சினரும் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், நெஞ்சின் மேல் யாரோ பீரோவை ஏற்றி வைத்தாற்போல் இருந்தது, அப்படியே சாய்ந்தேன். உடனே எல்லாரும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்! "என்ன மாமா, இன்னைக்கு வசனமே காணோம்?" என்றார் மச்சினர். "டாக்டரக் கூப்பிடுங்க" என்றேன். "பழைய வசனம்ப்பா" என்றாள் மகள். "ஐயோ, நிஜமாவே வலிக்குதுடி!" என்றேன். "இது நல்லா இருக்கு, இதையே வெச்சுக்குங்க" என்றாள் மனைவி. எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அவள் எட்டு மார்க் போடுகிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். கைதட்டலைக் கேட்டு நான் பயந்தது அன்றைக்குத்தான். இத்தனை சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவருக்கும் தெரியாமல் சாகப்போகிறோமே என்று நினைத்தேன்.

கைதட்டாதவர் மாப்பிள்ளை ஒருவர்தான். எழுந்து வந்து, "அத்தை, நகருங்க. மாமாவுக்கு நிஜமாவே முடியல" என்றார். லிஃப்ட் கடமுடவென்று சத்தம் போடுகிறதென்று அன்று காலை அவரே அதைக் கழற்றிப் போட்டிருந்தார். நாலு மாடி! நாற்காலியோடு என்னைத் தூக்கி, மறுபக்கம் மச்சினரைப் பிடிக்கச் சொல்லி இறக்கினார். இரண்டாம் மாடி வந்தபோதும், "ஆஸ்பத்திரி வரைக்குமா மாமா நடிக்கணும்?" என்று மச்சினர் மூச்சு வாங்கினார். "கால் மணி நேரம் தாமதமாகியிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் போலவே, வாக்கியத்தை முடிக்கவில்லை.

இப்போது வீட்டில் எல்லாம் தலைகீழ். தும்மினால் ஆம்புலன்ஸுக்குப் போன் போகிறது. "எட்டு மார்க் போட்டேனே, பாவி" என்று மனைவி நினைத்து நினைத்து அழுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். சினிமா எங்கள் எல்லாருக்கும் கண்ணை மறைத்துவிட்டது. அந்த வாசனையே படாத ஒருவருக்குத்தான் மனுஷன் தெரிந்தான். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்துக் கொடுத்தீர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? என் மகள் கொடுத்துவைத்தவள். அவளைவிட நான்.

எனக்குக் கிடைத்த இந்த உபரி நாட்களில் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு நீங்கள் இருவரும் நூறைத் தாண்டி வாழ வேண்டும்.

இன்னும் சாகாத,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்க படம் அறுபத்திரண்டையும் பார்த்திருக்கேன். சிலதை ரெண்டு தடவை."

"அப்புறம் ஏன் பார்க்கலைன்னு சொன்னீங்க?"

"பார்த்தேன்னா எப்படி இருந்துச்சுன்னு கேட்பீங்க. அப்புறம் பொய்க்கு மேல பொய் சொல்லணும். ஒண்ணோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"சரி, அன்னைக்கு நிஜம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு படத்துலகூட நீங்க இவ்வளவு நல்லா செஞ்சதில்ல, மாமா."

ஆகவே சம்பந்தி, சினிமா வாசனை படாதவர் என்று வரும் இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். நன்றியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் நல்ல நடிகனாக இருந்திருந்தால் இந்நேரம் செத்திருப்பேன்.