காதுக்குள் கூடு கட்டிய பறவை

இரத்தோட்டையில் பஸ் நிற்பதற்குள்ளேயே, "மணிச்சாமி வீடு எங்க?" என்று கேட்டுக்கொண்டு சனம் குதித்தது. நாவுலயிலிருந்தும் வந்தார்கள். வஹகோட்டை சவரியம்மா, மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேரனோடு வந்திருந்தாள். கூட்டத்தில் யார் கையைப் பார்த்தாலும் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை.

சாமியின் பெயர் நாகமுத்து. போன வருடம் வரை மிளகுத் தரகர். திடீரென்று ஞானம் வந்துவிட்டது. குறைமாதப் பிள்ளைக்குப் பட்சி தோஷம் பிடித்தால், பறவை காதுக்குள் கூடு கட்டிக் காதை மெல்ல அடைத்துவிடுமாம். அவருடைய மணிச் சத்தத்துக்குத்தான் பறக்குமாம். காசைக் கையால் தொட மாட்டார். மிளகு, கிராம்பு, கறுவா போதும். அதுவும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாயிருந்தால் தெய்வத்துக்குக் கோபம் வரும்!

கூட்டத்தை ஏற்றி இறக்கிய விஜேந்திரனின் திரீவீலுக்கு ஓய்வே இல்லை. ஆனால் அவன் சாமியை நம்பியது ஹயர் காசுக்காக அல்ல. மகள் மதுஷிகா இரண்டு மாதம் முந்திப் பிறந்தவள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆஸ்பத்திரியில் காது பார்க்கத் தேதி கொடுத்திருந்தார்கள். சாமியோ, "மெஷின வச்சா பறவ இன்னும் உள்ள போயிரும்" என்றார். பெற்ற மனசு பயந்துவிட்டது. தேதியும் போய்விட்டது.

"சட்டி மூடி விழுந்தாகூட இவ திடுக்கிடல. எனக்குப் பயமா இருக்குங்க" என்று மனைவி துஷாந்தினி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "சாமி இருக்காருல்ல" என்பதுதான் அவன் பதில்.

அன்றைய பூசையில் சாமி ஒரு கையில் மணியும் மறு கையில் கற்பூரம் எரியும் தட்டுமாக வந்தார். இரண்டையும் பிள்ளையின் வலப்பக்கம் கொண்டுபோய், மணியைக் கணகணவென்று ஆட்டினார். மதுஷிகா திரும்பினாள்!

"அரோகரா!" என்றது கூட்டம். விஜேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? பறந்துருச்சு!"

"சாமி, தட்ட கீழ வச்சிட்டு, மணிய மட்டும் பின்னால நின்னு அடிங்க" என்றாள் துஷாந்தினி.

"தெய்வத்தையே சோதிக்கிறியாம்மா?"

"தெய்வத்த இல்ல சாமி, மணிய."

அவர் தயங்கினார். அவள் பிள்ளையைப் புருஷன் மடியில் வைத்துவிட்டு, மணியை வாங்கிப் பிள்ளையின் பின்னால் நின்று அடித்தாள். மதுஷிகா விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தாள். அசைவில்லை. பிறகு சாமி கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கி, சத்தமில்லாமல் பிள்ளையின் இடப்பக்கம் காட்டினாள். உடனே பிள்ளையின் தலை திரும்பியது.

"நம்பிக்க இல்லாதவ கையில மணி ஊமையாயிரும்!" என்று சாமி கத்தினார்.

துஷாந்தினி சவரியம்மாவின் பேரனுக்குப் பின்னால் போய் மணியடித்தாள். பயல் வெடுக்கென்று திரும்பினான்.

"ஊம மணி இவனுக்கு மட்டும் எப்படிங்க கேட்டுச்சு?"

"அட மாதாவே!" சவரியம்மா எழுந்துவிட்டாள். "நல்லா காது கேக்குற புள்ளைக்கா தோட்டத்து மிளகெல்லாம் கொண்டாந்து கொட்டுனேன்? யோவ், என் மூட்டைய எடு!"

பறவை பறந்ததோ இல்லையோ, சாமி பின்வேலியைத் தாண்டிப் பறந்தார். சனம் கைகொட்டிச் சிரித்தது.

விஜேந்திரன் சிரிக்கவில்லை. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். பிறகு நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டான்.

அங்கே டாக்டர் மெஷின் வைத்துப் பார்த்தார். "காது சரியா கேக்கல. கருவி வச்சு இப்பவே பழக்கினா பேச்சு வர நல்ல வாய்ப்பு இருக்கு. முந்தியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். ஏன் வரல?"

விஜேந்திரன் மகளின் காதுமடலைத் தடவிக் கொடுத்தான்.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது, சரி. அதைச் சாமியிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, நாமெல்லாம் முழுமாதத்தில் பிறந்தவர்கள்தானே ஐயா? கொஞ்சம் யோசித்தால் என்ன?