பிட்ஸ்பர்க் தோற்ற வாரம்

"இன்னும் நூறு கிராம் கொத்தமல்லி போடும்," என்றார் வேதமணி.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி தராசைத் தொடவில்லை. "காலையிலதான வாங்கிட்டுப் போனிய சார்? வீட்டுல என்ன விசேஷம்?"

"விசேஷம் இருந்தாத்தான் மல்லி வாங்கணுமா?"

மனைவி ஞானசௌந்தரி இறந்த பிறகு வேதமணி வீட்டில் விசேஷம் என்று எதுவும் நடந்ததில்லை. காலையில் வாங்கிய மல்லி அடுக்களையில் ஒரு தட்டில் குவிந்து கிடந்தது. அதை மடித்துக் கொடுத்த தாள் மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைத் தாள். அதில் பிட்ஸ்பர்க் அணி கிளீவ்லாந்து ஊருக்குப் போய் விளையாடிக்கொண்டிருந்தது. வெகுவாகப் பின்தங்கி, மெல்ல எழும்பி வருகிற நேரத்தில், மீதி எட்டாம் பக்கம் என்று போட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சி குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி மல்லியை மடித்தார். வேதமணி கடை வாசலிலேயே நின்று பிரித்தார். மல்லி நாலா பக்கமும் உருண்டது. தாள் முழுக்கக் கார் டயர் விளம்பரம்.

"இது இல்ல," என்றார் வேதமணி. "கடுகு போடும்."

வேதமணி கப்பல் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்வது வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே நாசரேத். அச்சடித்த எதையும் படிக்காமல் எறிய அவரால் முடியாது. பொட்டலம் பிரித்த தாளை நீவி, கிழிந்த ஓரம் வரை படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மகன் சுந்தர்சிங் சிறுவனாக இருந்தபோது, "அப்பா இன்னும் பருப்பைப் படிச்சு முடிக்கல," என்று அடுக்களைக்குக் குரல் கொடுப்பான். ஞானசௌந்தரி சோற்றைத் திரும்ப மூடி வைப்பாள்.

அந்த சுந்தர்சிங் அமெரிக்கா போய்ப் படித்து, பிட்ஸ்பர்க்கில் இரும்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மா படுக்கையில் விழுந்ததும் தந்தி போயிற்று. அவன் வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேதமணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திரும்பி வரும் வழியில், "எனக்கு மவன் கிடையாது," என்று மட்டும் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள், விசாரித்தவர்கள், விசாரிக்காதவர்கள், எல்லோரிடமும் அதையே சொன்னார். தபால்காரர் இசக்கியப்பன் விமானத் தபால் உறையை நீட்டும்போதெல்லாம், கையால் தொடாமல், "திருப்பி அனுப்பும்," என்பார். கிறிஸ்துமஸுக்கு வந்ததும் அப்படித்தான் போயிற்று. அதன் பிறகு உறை எதுவும் வரவில்லை.

அவருக்குச் சமைத்துப் போடுகிற தங்கை ஜீவமணி ஒரு தடவை, "என்னதான் எழுதியிருக்கான்னு பாக்கலாம்லா," என்று கேட்டுப் பார்த்தாள். அன்று அவர் சாப்பிடவில்லை. அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், சீரகம் மடித்த தாளில் பிட்ஸ்பர்க் என்ற பெயர் இருந்தது.

மகன் கடிதம் என்றால் திருப்பி அனுப்பியிருப்பார். இது சீரகத் தாள். தலையில் இரும்புத் தொப்பி போட்ட தடியர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் படம். பின்னால் ஆயிரக்கணக்கான முகங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. வேதமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தக் கடுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேடினார் என்று யாரும் சொல்ல முடியாது. படித்தார், அவ்வளவுதான்.

பேர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் பந்தை எதிராளி கோஷ்டியிடம் கொடுத்துவிட வேண்டும். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் துறைமுகத்தில் தலை நரைத்த வேதமணிக்கு அது புரிந்தது. மூட்டையோடு ஓடுகிறவனை இன்னொரு கோஷ்டி குறுக்கே விழுந்து தடுத்தால் எப்படியோ அப்படி.

அதற்குப் பிறகு அவர் வீட்டு மிளகும் மஞ்சளும் எல்லாம் அமெரிக்கத் தாளிலேயே வந்தன. நவம்பர் மாதத்து வாரம் ஒன்று, மாசி மாத வெயிலில், பொட்டலம் பொட்டலமாகத் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. வேதமணி தாள்களை அரிசிப் பசையால் ஒட்டி, அந்த ஒரு வாரத்து ஆட்டங்களைச் சேர்த்தார். சாயங்காலம் கடை முன்னால் நின்று அபிப்பிராயம் சொல்வார். அண்ணாச்சி புளி நிறுத்துக்கொண்டே கேட்பார்.

"டல்லாஸ்காரன் ஜெயிச்சிருக்கான். ஆனா எனக்கு அவன் மேல நம்பிக்கை கிடையாது. சட்டையில அழுக்கே இல்ல வே. மூட்டை தூக்குதவன் சட்டை வெளுப்பா இருந்தா அவன் மூட்டை தூக்கலன்னு அர்த்தம்."

வாஷிங்டன் அணியில் பாதிப் பேர் வயதானவர்கள். அதனால் அவர்கள் மேல் அவருக்கு மரியாதை. மியாமி அந்த வருடம் யாரிடமும் தோற்கவில்லை. இந்த வாரமும் நியூயார்க்கை நூலிழையில் தப்பி ஜெயித்திருந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிற்று. "தோத்தவனுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவான். தோக்காமலே இருக்கவனுக்கு யாரு வாரா?"

பிட்ஸ்பர்க் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்வதில்லை. "அது இன்னும் முடியல," என்பார்.

முடியாததுதான் தொல்லை. கடுகுத் தாளில் எட்டாம் பக்கம் இல்லை. வெந்தயத்தில் இல்லை. பெருங்காயத்தில் வானிலை அறிக்கை. பிட்ஸ்பர்க்கில் பனி பெய்யும் என்று இருந்தது. அன்று வேதமணி மின்விசிறியைப் போடவில்லை. வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு வெந்தயத்தையும் நான் எங்க கொண்டு கொட்ட?" என்றாள் ஜீவமணி. "ரெண்டு பேருக்கு ஆயுசுக்கும் காணும் அண்ணன்." கொட்டுவதற்குப் பதிலாக அவள் எல்லாவற்றிலும் வெந்தயம் போட்டாள். ஒரு வாரம் காப்பிகூடக் கசந்தது.

ஒரு நாள் வேதமணி கடைக்குப் போனபோது அண்ணாச்சி தன் மனைவி பேச்சித்தாயோடு சண்டையில் இருந்தார். முந்தின நாள் அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவள் கடையில் இருந்திருக்கிறாள். "அடியில உள்ள கட்டைத் தொடாதன்னு சொன்னேன்லா? வேற பேப்பரா கெடைக்கல உனக்கு?"

"பேப்பர்ல என்ன சாதி இருக்கு? ஆக்னஸ் டீச்சருக்குப் பனங்கற்கண்டு மடிச்சேன். தொப்பி போட்ட பய படம் போட்ட தாளு. குடியா முழுகிப் போச்சு?"

வேதமணி அதற்கு மேல் நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த ஆக்னஸ் டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் பனங்கற்கண்டைப் பொட்டலத்தோடு தம்பியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். தம்பி கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல். தோணிக்கு அவன்தான் தலைவன். "இப்பக் கடல்ல பாய் விரிச்சிருப்பான்," என்றாள் டீச்சர். "உங்களுக்கு இருமலுக்கா? வேணும்னா வேற வாங்கித் தாரேன்."

பழைய துறைமுகம் வரைக்கும் வேதமணி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார்கள். தோணி இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. வெங்காய மூட்டைகள் கழுத்து வரை அடுக்கியிருந்தன. தண்டலுக்கு அவரைத் தெரியும். கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "என்ன சார்வாள், சரக்குல கணக்கு குறையுதா?" என்று கேட்டான்.

பனங்கற்கண்டு டப்பாவுக்குப் போய்விட்டது. தாள்? தண்ணீர்ப் பீப்பாயின் தக்கை ஆடுகிறது என்று அதைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.

வேதமணி தக்கையைப் பிடுங்கினார்.

குடிதண்ணீர் பீறிட்டு வெங்காய மூட்டைகள் மேல் பாய்ந்தது. "ஏலே, தண்ணி! மூட்டையைத் தூக்குங்கலே!" என்று தண்டல் கத்த, ஆட்கள் மூட்டைகளைக் கை மாற்றிக் கை மாற்றி அந்தப் பக்கம் எறிந்தார்கள். ஒருவன் மூட்டையோடு வழுக்கி விழுந்தான். அவன் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். வேதமணி எதையும் பார்க்கவில்லை. ஈரத்தாளை உள்ளங்கையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

பிட்ஸ்பர்க் எழும்பி வந்திருந்தது. ஒருவன் பந்தோடு மைதானத்தின் முக்கால்வாசியை ஒரே ஓட்டமாக ஓடி, அணியை முன்னால் கொண்டு போயிருந்தான். பிறகு, ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது, கிளீவ்லாந்துக்காரன் ஒருவன் பந்தைக் காலால் உதைத்தான். அத்தனை நேரம் கையால் ஆடிய ஆட்டம், கடைசியில் ஒரு காலால் முடிந்தது. இரண்டு புள்ளியில் தோல்வி.

அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். பனியில், தெரியாத ஊரில், தோற்றுப்போன கூட்டத்தில் ஒருவன் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடக்கிறான். கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. வேதமணியின் தோள் குலுங்கிற்று. கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகை, வெங்காயத் தோணியில் வந்தது.

தண்டல் சத்தத்தை நிறுத்தினான். தலைப்பாகையை அவிழ்த்தான். "சார்வாள், யாரு போயிட்டா?"

"யாரும் போகல. பிட்ஸ்பர்க் தோத்துட்டு," என்றார் வேதமணி விம்மிக்கொண்டே. "அமெரிக்காவுல. பந்து விளையாட்டு."

தண்டல் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் தண்டலைப் பார்த்தார்கள். பந்து விளையாட்டுக்கு ஓர் ஆம்பிளை இப்படி அழுவானா? "பாவம், வாயால சொல்ல முடியல அவருக்கு," என்றான் தண்டல். மிச்சமிருந்த தண்ணீரில் தேயிலை போட்டு அவருக்குக் கொடுத்தார்கள்.

தோணி அன்று புறப்படவில்லை. புறப்பட்டிருந்தால் பேச்சும் கொழும்புக்குப் போயிருக்கும்.

அடுத்த நாள் காலை வேதமணி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, வாசலில் சர்ச்சுப் பெஞ்சுகள் போட்டிருந்தன. சபைப் போதகர் ஐயர் வேதாகமத்தோடு நின்றார். ஆக்னஸ் டீச்சர் தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்திருந்தாள். கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்திருந்தது. ஜீவமணி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் மருமவனே, உன்னைக் கண்ணால பாக்காமப் போயிட்டேனே," என்று அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு செத்தா?" என்றார் வேதமணி.

எல்லோரும் மலர்வளையத்தைப் பார்த்தார்கள். அவர் மலர்வளையத்தின் அருகில் போனார். எதையும் படிக்காமல் விட முடியாதவர் அல்லவா? குனிந்து படித்தார். சுந்தர்சிங் என்று இருந்தது.

ஐயர் அவர் தோளில் கை வைத்தார். "கர்த்தர் கொடுத்தார்…"

"அவன் சாகல," என்றார் வேதமணி.

"தோணியில வச்சு நீரு அழுதீராமே."

"அது பிட்ஸ்பர்க் தோத்ததுக்கு."

கூட்டத்தில் நின்ற ஒருவர் மெதுவாக, "மவன் கிடையாதுன்னுதான எப்பவும் சொல்லுவிய," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. குழப்பமாகத்தான் இருந்தது அவருக்கு.

வேதமணி துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். "எனக்கு மவன் இருக்கான்," என்றார். "பிட்ஸ்பர்க்ல இருக்கான். தோத்த கவலையில இருப்பான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

போனார்கள். பெஞ்சுகள் போயின. மலர்வளையத்தை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வேதமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கான் என்று சொல்லியாயிற்று. இருக்கிறான் என்று தனக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. அதற்கு முன் வந்த வரிகளை எல்லாம் கடல் தாண்டித் திருப்பி அனுப்பியது யார்? அம்மாவைப் பார்க்க ஏன் வரவில்லை என்று அவற்றில் ஒன்றிலாவது எழுதியிருப்பான்.

வெயில் ஏறும் வரை வாசலில் நின்றார். இசக்கியப்பன் சைக்கிளில் வந்தவர், அந்த வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தார். வேதமணி தெருவில் இறங்கி மறித்தார்.

"லெட்டர் இருக்கா?"

"இல்ல சார்."

"வந்தா திருப்பி அனுப்பாதியும். எங்கிட்ட குடும்."

"வந்தாத் தாரேன்."

"அவன் எழுதுறத விட்டுட்டான், இல்லையா வே?" வேதமணி சைக்கிள் கைப்பிடியை விடவில்லை. "திரும்பித் திரும்பிப் போனா எவன் எழுதுவான்? ஒரு தடவை வாங்கியிருந்தா நேத்து படிச்ச ஆட்டத்தைப் பத்தியாவது எழுதிப் போட்டிருப்பேன். ஒண்ணுகூட நான் வாங்கலையே."

இசக்கியப்பன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். மலர்வளையத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பையிலிருந்து கனமான பழுப்பு நிறக் கட்டு ஒன்றை எடுத்து, அனுப்பியவர் பெயர் தெரியும்படி திருப்பிக் காட்டினார்.

"சங்கரபாண்டியன் கடைக்கு அமெரிக்காவுலருந்து பழைய பேப்பர் யாரு அனுப்புதான்னு நெனச்சிய? உங்க மவன் போட்டதுல நீங்க திருப்பி அனுப்பாத தபால் இது ஒண்ணுதான் சார்."