ஜெபக்கடிதத்தில் ஒரு முன்கோபம்

மனைவியின் முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியமில்லாத ஒரு விஷயத்தை, தாய்நாட்டில் பணத்தாலும் ஜெபத்தாலும் தங்களைத் தாங்கும் முந்நூறு குடும்பங்களுக்கு எழுதிவிடுவது என்று மிஷனெரி முடிவு செய்தார். வீரம் என்றால் இதுதான்.

பிரச்சினை மாடிப்படி. கடல் தாண்டி வந்து அவர்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் எட்டு வீடு. சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டார் முறைபோட்டுப் படி கழுவ வேண்டும். இவர்கள் முறை வரும்போதெல்லாம் மிஷனெரிக்குப் பிரசங்கத் தயாரிப்பும் சேர்ந்து வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து தயாரிப்பார். கடைசி முறையன்று மனைவி அவர் காலடியில் வாளியை வைத்த சத்தத்தில், என்னவோ ஏதோவென்று கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

ஆகவே, அந்தக் குடும்பங்களுக்கு மாதாமாதம் போகும் ஜெபக்கடிதத்தில் ஐந்தாவது ஜெபக் குறிப்பாகச் சேர்த்தார்: "என் துணைவியாரின் முன்கோபம் தணிய பாரத்தோடு ஜெபியுங்கள்." வழக்கமாகக் கடிதத்தை அனுப்புவது மனைவிதான். இந்தத் தடவை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து இவரே அனுப்பிவிட்டார்.

மறுநாளே சபைச் செயலாளரின் மனைவி வீடியோவில் வந்தாள்.

"கோபம் எப்படிம்மா இருக்கு? காலையில ஜாஸ்தியா, சாயங்காலமா?"

காய்ச்சலை விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். மிஷனெரி மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார். மனைவி ஒரே ஒரு நொடி அவரைப் பார்த்தாள்.

"உங்க ஜெபத்துல நல்லா குறைஞ்சிருக்கு அக்கா."

அந்த வாரம் இப்படிப் பதினெட்டு அழைப்பு. அத்தனைக்கும் அதே தேன் குரல். வீட்டில் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. முதலில் மிஷனெரிக்குப் பயமாக இருந்தது. போகப்போகப் பெருமையாக இருந்தது.

மாதக் கடைசியில் அவளே வந்து கேட்டாள்.

"ஏங்க, இந்த மாசக் கடிதத்துல நன்றி சொல்ற ஸ்தோத்திரக் குறிப்பை நான் எழுதட்டுமா? கோபம் போன சாட்சியை நான்தானே சொல்லணும்?"

"தாராளமா எழுதும்மா!"

எழுதிக்கொண்டு வந்தாள். "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருங்க."

முதல் பத்தியிலேயே 'என் கணவரின் பொறுமை' மூன்று இடத்தில் வந்தது. மிஷனெரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு இரண்டாம் பத்தியைப் படிப்பது எப்படி?

"அனுப்பிடு, அனுப்பிடு," என்றார்.

வெள்ளிக்கிழமை, ஆரம்ப நாளிலிருந்து இவரைத் தாங்கிவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"தம்பி, கடிதத்தைப் படிச்சு அழுதுட்டேன். எட்டு வீட்டு முறையையும் நீங்களே ஏத்துக்கிட்டு, இனிமே வாராவாரம் படி கழுவப் போறீங்களாமே! அதைப் பார்த்துத்தான் உங்க வீட்டம்மாவுக்குக் கோபமே போச்சாம்! நாளைக்குச் சபை மண்டபத்துல எல்லாரும் கூடி, வீடியோவுல பார்த்துக்கிட்டே ஜெபிக்கப் போறோம்."

மிஷனெரி சமையலறைக்குப் பாய்ந்தார்.

"என்ன எழுதி வச்சிருக்கே? அத்தனையும் பொய்னு இப்பவே மறுப்பு எழுதுறேன்!"

"எழுதுங்களேன்." அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சாட்சி பொய்னு ஆயிட்டா, என் கோபம் போனதும் பொய்னு ஆயிடும். பரவாயில்லையா?"

கத்தி பலகையில் ஒரு தடவை ஓங்கி விழுந்தது.

"வாளி எங்கம்மா இருக்கு?" என்றார் மிஷனெரி.

"கதவுக்குப் பின்னாடி. மத்த ஏழு வீட்லயும் சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

இரவெல்லாம் யோசித்து மிஷனெரி ஒரு வழி கண்டுபிடித்தார். நாளை ஒரு நாள் மட்டும் கழுவுவது. அடுத்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. இந்த ஒன்று போனாலும் மிச்சச் சனிக்கிழமைகள் பிழைத்துவிடும்.

காலையில் மனைவி போனைப் பிடிக்க, மிஷனெரி நாலு மாடியையும் தேய்த்து இறங்கினார்.

"தம்பி, அந்த ஓரத்தை விட்டுட்டீங்க," என்று கடல் தாண்டி வந்தது தலைமையாசிரியரின் குரல். ஓரத்தையும் தேய்த்தார். கடைசிப் படியில் வாளியை இறக்கி வைத்தபோது பெரியவர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பி ஒரு சனிக்கிழமைகூட விடாம, இன்னும் இருபது வருஷத்துக்கு இந்தப் படியிலேயே நிலைச்சு நிக்கணும். இடுப்புல பெலன் தாரும்!"

ஜெபம் எங்கே முடிந்தாலும் அங்கே தானாகத் திறந்து பழகிய வாய் மிஷனெரியுடையது. மண்டபம் மொத்தத்தையும் முந்திக்கொண்டு, முதல் ஆமென் மாடிப்படியிலிருந்துதான் கேட்டது.