தீப்பிடிக்காத சுவர்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் "நல்லா இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது. இட்லி கல்லாக இருந்தால் "போதுமுங்க, இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்போம். இந்த மரியாதை எவ்வளவு ஆபத்தானது என்பது என் கல்யாணப் பேச்சின்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெண் சங்கீதா, கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் மகள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய், சோறு இறங்காமல் அலைந்துகொண்டிருந்தேன். அவளுக்கும் சம்மதம்தான். அவள் அப்பா மதுக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"ஊட்டுக்கு வெள்ளையடிச்சுப்போடு கண்ணு, அது போதும்" என்றார் அம்மா.

வெள்ளையா? நானா? (வீட்டு அலங்கார வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பெயிண்ட் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் குரலே மாறிவிடும்.) ஹாலில் ஒரு சுவரை மட்டும் அடர்நிறத்தில் அடிக்க வேண்டும், மற்ற மூன்றும் அடங்கி இருக்க வேண்டும், பளபளப்பு கூடவே கூடாது. இதுதான் வீடியோவின் உபதேசம். நான் தேர்ந்தெடுத்தது கரி நிறம். தேர்ந்தெடுத்த சுவர், சமையலறையை ஒட்டிய சுவர்.

அதிலும் சும்மா அடிக்கவில்லை. கீழே கன்னங்கரேல் என்று தொடங்கி, மேலே போகப் போகச் சாம்பல் நிறமாகக் கரைய வேண்டும். ஸ்பாஞ்சை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். கை நடுங்கிய இடங்களில் கருப்பு நாக்கு நாக்காக மேலே ஏறியது. அதையும் கலை என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். "உனக்குப் புடிச்சாச் செரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். (பெற்ற பிள்ளையிடம்கூட மரியாதை!)

ஞாயிற்றுக்கிழமை சங்கீதாவின் அப்பா தன் சொந்தபந்தங்களோடு வந்தார். எல்லோரும் ஹாலுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். அசந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் அப்பா சுவரைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், "ஆளுக்கு ஒண்ணும் ஆகலைங்களே?" என்றார்.

நான் வேலைக் களைப்பைக் கேட்கிறார் என்று நினைத்து, "கைதானுங்க கொஞ்சம் வலி. ஒருத்தனாவே பாத்துட்டேனுங்க" என்றேன்.

"ஒருத்தராவாங்க!"

"மேல ஏற ஏறத்தானுங்க கஷ்டமாப் போச்சு."

அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். கூட வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். என் கலைக்கு இப்படி ஒரு வரவேற்பை நானே எதிர்பார்க்கவில்லை. அம்மா காபி போட எழுந்தார். சங்கீதாவின் அத்தை பதறிப்போய், "அடுப்பு பத்தவெக்க வேண்டாங்கக்கா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கிளம்பும்போது "கலந்து பேசிப்போட்டுச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார் அவள் அப்பா. நான் மிதந்துகொண்டிருந்தேன். அந்த வாக்கியத்துக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரிந்த அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

சாயந்திரம் சங்கீதா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுல சிலிண்டர் தீப்புடிச்சிருச்சாமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே? பொண்ணுப் பேசற நேரத்துல தீப்புடிச்சா ஆகாதாமா. வேண்டாம்னு எல்லாரும் ஒரே பேச்சா நிக்கறாங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தீப்பிடித்தது என்றால் கல்யாணம் போச்சு. பிடிக்கவில்லை என்றால் மானம் போச்சு. அவளை இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அது தீ இல்லீங்க... டிசைன்."

போனில் அழுகை நின்றது. பிறகு ஒரு விக்கல். அதன்பின் அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அப்பா! அதைய அவரே அடிச்சாருங்களாமா!"

தூரத்தில் அவர் குரல் கேட்டது: "அட சாமி! தீப்புடிச்சிருந்தாக்கூடக் கோயல்ல ஒரு பூசை போட்டுச் செரி பண்ணிக்கலாம். அவரே அடிச்சாருன்னா அதுக்கு என்னத்த அம்மணி பண்றது?"

"அதைய நான் பாத்துக்கறேனுங்ப்பா" என்றாள் சங்கீதா.

இன்றுவரை என்னைப் பற்றி யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே சுவர் வெள்ளையானது. அடித்தவர்கள் என் மாமனார் அனுப்பிய ஆட்கள். வேலை முடியும்வரை என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் தோசை கருகினால் அதற்குப் பெயர் டிசைன் தோசை. சென்ற வாரம் அன்னூரில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்ததும் என் மகள் சர்வரைக் கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு, "ஏனுங்ண்ணா, எனக்கு டிசைன் இல்லாத தோசை ஒண்ணு கொண்டாங்க" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். சங்கீதா ஆசையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அது ஒரு பெரிய கதைங்ண்ணா" என்று ஆரம்பித்தாள்.